கழுத்தில் துணி சுற்றிய பாட்டில்

நாள்: 29-12-1976, புதன்கிழமை. நேரம்: காலை 11 மணி.

என் பெயர் சாராள். வயது 24. கணவர் பெயர் பாக்கியநாதன். கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, தண்ணீர்த் தொட்டித் தெரு, ஏழாம் எண் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்து வருகிறோம். என் சொந்த ஊர் கடம்பத்தூர். நான் பொருளாதாரத்தில் பி.ஏ. தேறியவள். வேலைக்குச் செல்லவில்லை. எங்களுக்கு ரோசம்மாள் என்ற ஒரே பெண் குழந்தை. போன நவம்பரில் ஒரு வயது முடிந்தது. என் கணவர் இங்குள்ள இரும்புக் கம்பி ஆலை ஒன்றில் ஸ்டோரில் வேலை பார்க்கிறார்.

ஆற்று வெள்ளத்தில் நடந்த ஒரு சாவு பற்றிப் போலீசாரிடம் சென்ற அக்டோபர் பத்தாம் தேதி மாலை நான் ஒரு வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்திட்டிருக்கிறேன். அதில், இறந்துபோன லோகநாதன் குடித்திருந்தார் என்றும், மது பாட்டிலை எடுப்பதற்காகத் திரும்பவும் ஆற்றில் இறங்கினார் என்றும் உள்ளது. அது உண்மையல்ல. அதைத் திருத்துவதற்காக, யாரும் அழைக்காமல், நானாக வந்து, விசாரணை அதிகாரி அனுமதித்தபடி என் கைப்பட இதை எழுதுகிறேன். எண்பது நாள் தாமதத்துக்குக் காரணம் கீழே வருகிறது.

லோகநாதன் என் கணவருடன் அதே ஆலையில் கம்பி இழுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். வயது முப்பத்திரண்டு இருக்கும். பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள மீனவர் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். மனைவி கோவிந்தம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். ஆலை வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகியும் விடுமுறை நாட்களில் ஏரிக்குப் போய்த் தம்பி சேகருடன் வலை போடுவார். எங்கள் வீட்டுக்கு இறால் கொண்டுவந்து கொடுப்பார்.

ஆயுத பூஜை கழிந்த அடுத்த சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு நாளும் ஆந்திர எல்லைக்குள் உள்ள நாகலாபுரத்து மலையில் போய்த் தங்கி வரலாம் என்று ஆலையின் ஃபோர்மேன் பூவராகவன் ஏற்பாடு செய்தார். நான்கு குடும்பம், குழந்தைகளையும் சேர்த்துப் பதின்மூன்று பேர். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மலையில் தங்க எனக்கு இஷ்டமில்லை. பாம்பு, தேள், குளிர், தண்ணீர் மாறினால் வயிற்றுப்போக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் கணவர், கல்யாணமாகி எங்கேயும் போகவில்லையே என்றார். அதன் பிறகு நான் மறுக்கவில்லை.

குழந்தைக்குக் கொடுப்பதற்காக வீட்டில் தண்ணீரை இருபது நிமிஷம் கொதிக்க வைத்து, ஆற்றி, ஒரு பழைய பிராந்தி பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். அந்த பாட்டில் வீட்டுக்காரம்மாள் தேங்காய் எண்ணெய்க்கு வைத்திருந்து எனக்குக் கொடுத்தது. சோடா உப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். தக்கை தளர்வாக இருந்ததால், குழந்தைக்குச் சிறிதாகிப்போன மஞ்சள் பூப்போட்ட கவுன் ஒன்றின் கீழ்விளிம்பைக் கிழித்துத் தக்கையோடு சேர்த்து பாட்டிலின் கழுத்தில் இறுக்கிச் சுற்றிக் கட்டினேன்.

9-10-1976 சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வேனில் புறப்பட்டு, சத்தியவேடு வழியாகப் போய் மலையடிவாரத்தில் இறங்கி, மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடையோரமாக ஒன்றரை மணி நேரம் நடந்தோம். அந்த ஓடை கீழே போய் ஆரணி ஆற்றில் சேர்கிறது. வழியில் கோவிந்தம்மா ஓடைத் தண்ணீரைக் கையில் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் குழந்தையின் உச்சியிலும் தெளித்தார். நான் உடனே துண்டால் துடைத்தேன்.

"பெரியபாளையத்தா கால நனைக்கற தண்ணிமா இது, ஒண்ணும் ஆவாது. காலேஜு படிச்சவங்க கொழந்தைக்கு மட்டும் தனியாச் சளி புடிக்குமா இன்னா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தங்க வேண்டிய இடத்தில் கரையில் ஒரு பெரிய புளியமரம் இருந்தது. ஓடைக்கு நடுவில் மணலும் பாறையுமாக ஒரு திட்டு இருந்தது. கரைக்கும் திட்டுக்கும் இடையில் முழங்காலளவு தண்ணீர், பத்தடி அகலம். பூவராகவன் புளியமரத்தடியில் கூடாரம் போடச் சொன்னார். மரத்தடியில் சருகு கிடந்தது. ஒரு பொந்தும் இருந்தது. குழந்தையை அங்கே படுக்க வைக்க மாட்டேன், திட்டு சுத்தமாக இருக்கிறது, சுற்றிலும் தண்ணீர், அங்கே பாம்பு வராது என்று நான் சொன்னேன்.

"பாம்புக்கு நீச்சல் தெரியாதுன்னு எந்த பொஸ்தவத்துலமா போட்டிருக்கு?" என்று லோகநாதன் கேலி செய்தார். ஆனாலும் என் பக்கம்தான் பேசினார்.

"ஆத்து நடுவுல எவனாச்சும் குடித்தனம் வெப்பானாய்யா?" என்று பூவராகவன் கேட்டார்.

"இன்னா சார் இப்டி சொல்ற? ஏரியில எறா சீசன்ல பத்து நாளு திட்டுலதான் சோறு, திட்டுலதான் தூக்கம். பூச்சி இல்ல, பொட்டு இல்ல, காத்து பிச்சிக்கினு வரும். தண்ணி ஏறுனா ஒரு சாண் ஏறும், அப்பால எறங்கிடும்" என்றார் லோகநாதன்.

அவர் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் பூவராகவன் அதற்கு மேல் பேசவில்லை. ஏரித் தண்ணீர் வேறு, மலைத் தண்ணீர் வேறு என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் குடும்பமும் லோகநாதன் குடும்பமும் திட்டில் ஒரே தார்ப்பாய்க் கூடாரத்தில் தங்கினோம். மற்ற இரண்டு குடும்பமும் கரையில் தங்கினார்கள். இதில் பூவராகவன் மேல் எந்தத் தவறும் இல்லை. திட்டைக் கேட்டது நான்.

அன்று மாலை கரையில் ஆண்கள் மூன்று பேர் குடித்தார்கள். என் கணவரும் கொஞ்சம் குடித்தார். லோகநாதன் குடிக்கவில்லை. அது புரட்டாசி சனிக்கிழமை. அவர் நெற்றியில் நாமம் இட்டிருந்தார். கரையில் சுட்ட கோழியைக்கூடத் தொடாமல், கோவிந்தம்மா கட்டிக்கொண்டு வந்திருந்த தயிர்ச்சோற்றைத் திட்டில் என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். "மாசம் முடியட்டும், தம்பி ஒரு தூக்கு நண்டு வெச்சிருக்கறான்" என்று தன் பெரிய பெண்ணிடம் சொன்னார். அதன் பிறகு படுத்துவிட்டார். இதை நான் முதல் வாக்குமூலத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி சுமாருக்கு எங்களுக்கு மேலே வானம் தெளிவாக இருந்தது. மேற்கே மலை உச்சியில் மட்டும் கறுத்திருந்தது. என் கணவர் லோகநாதனின் பெண் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு பல் துலக்கக் கரைக்குப் போயிருந்தார். குழந்தை கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டில் அதன் தலைமாட்டில் இருந்தது. நான் குழந்தையின் துணிகளைத் துவைத்துத் திட்டின் மேல்கோடியில் உள்ள பாறையில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது தண்ணீர் தேநீர் நிறமாக மாறியது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. லோகநாதன் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கோவிந்தம்மாவைக் கூப்பிட்டு, "புதுத் தண்ணிடி! நம்ம ஊரா இருந்தா இந்நேரம் பறியத் தூக்கிக்கினு ஓடுவோம்" என்றார். மழைக் காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கலங்கி ஏரிக்குள் வந்தால் இறால் கூட்டமாக ஓடும் என்றும், அன்றைக்குக் குப்பமே பறி என்கிற மீன் கூடையோடு ஏரியில் இறங்கிவிடும் என்றும் கோவிந்தம்மா எனக்குப் பின்னாளில் சொன்னார். லோகநாதன் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகர்ந்து பார்த்தார். அப்படியே நின்றார்.

அதன் பிறகு ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மேலே லாரி பாலத்தில் போவது போல ஒரு சத்தம் கேட்டது. லோகநாதன் முகம் மாறி, "கரைக்குப் போ! கரைக்குப் போ!" என்று கத்தினார். கோவிந்தம்மா கூடாரத்திலிருந்து வெளியே வந்து தண்ணீரைக் கடந்து போவதை நான் முதுகுப்பக்கமாகப் பார்த்தேன். அவர் தலைமேல் முந்தானையைப் போர்த்தியிருந்தார். கையில் என்ன வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. லோகநாதன் மேல்கோடிக்கு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நான் வருவதற்குள் தண்ணீர் இடுப்பளவு ஆகிவிட்டது. நடுவில் என் கால் தரையில் படவில்லை. அவர் என்னை இழுத்துக் கரையில் உள்ள வேரைப் பிடிக்க வைத்தார். அதன் பிறகு தானும் ஏறினார்.

கரையில் ஒரே கூச்சலாக இருந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. என் கணவர் கையில் குழந்தை இல்லை. என் பக்கத்தில் யார் கையிலும் குழந்தை இல்லை. நான் லோகநாதன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கொழந்தை! கூடாரத்துல கொழந்தை!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்து, "உள்ள இருக்குதாமா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார்.

நான் "இருக்கு" என்றேன்.

நான் பார்க்கவில்லை. பார்க்காததை இருக்கு என்று சொன்னேன். அவர் மறுபடி கேட்கவில்லை. சட்டையை என் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு இறங்கினார். அப்போது தண்ணீர் அவருக்கு மார்பளவு இருந்தது. குறுக்கே போகாமல், கொஞ்சம் மேலே ஏறிப்போய், தண்ணீரின் போக்கிலேயே திட்டுக்கு நீந்தினார். இந்தப் பேச்சு எங்கள் இருவருக்கும் நடுவில்தான் நடந்தது. தண்ணீர் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

அவர் கூடாரத்துக்குள் நுழைந்து வெளியே வந்தார். வலது கையில் பாட்டிலை உயர்த்திக் காட்டினார். இடது கையை விரித்துக் காட்டினார். இது மட்டும்தான் இருக்கிறது, குழந்தை இல்லை என்று என்னிடம் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பத்தடிக்கு அப்பால் மரத்தடியில் நின்ற பூவராகவன், "அட பாவி, பாட்டிலுக்கா போன!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் நான் திரும்பினேன். புளியமரத்துக்குப் பின்னால் கோவிந்தம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். மழை படாமல் முந்தானைக்குள் எதையோ மறைத்திருந்தார். அதிலிருந்து என் குழந்தையின் ஒரு கால் வெளியே தெரிந்தது. முதலிலேயே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். குழந்தை அழக்கூட இல்லை.

நான் திட்டைப் பார்த்து, இருக்கு, இங்கே இருக்கு என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. அவர் பாட்டிலைப் போட்டுவிட்டு இரண்டாவது முறையும் குனிந்து தார்ப்பாய்க்கு அடியில் தேடினார். குழந்தை உருண்டு எங்காவது போயிருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். அப்போது வந்த தண்ணீரில் கூடாரம், மணல், அவர் எல்லாம் போய்விட்டது. மணி ஏழு நாற்பது. என் கைக்கடிகாரம் அந்த நேரத்தில் நின்றிருந்ததைப் பிறகு பார்த்தேன்.

மதியம் தண்ணீர் வடிந்தது. அரைக் கல் தூரத்துக்குக் கீழே கரையோர மணலில் அந்த பாட்டில் உடையாமல் கிடந்தது. தக்கை இறுக்கமாக இருந்ததால் மிதந்திருக்கிறது. போலீசார் அதை மது பாட்டில் என்று எழுதி எடுத்துக்கொண்டார்கள். யாரும் திறந்து முகர்ந்து பார்க்கவில்லை. மாலையில் என்னை விசாரித்தபோது பூவராகவன் சொன்னதையே என்னிடமும் கேட்டார்கள். நான் ஆமாம் என்றேன். குழந்தை என் மடியில் இருந்தது. கோவிந்தம்மா ஆற்றோரத்தில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுவரை அவர் புருஷன் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

உடல் பன்னிரண்டாம் தேதி ஊத்துக்கோட்டைக்கு மேற்கே ஆற்றின் நாணலில் கிடைத்தது. அதனால் வழக்கு ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. அடையாளம் காட்ட நானும் என் கணவரும் கூடப் போனோம். நெற்றியில் நாமம் இல்லை. இந்த ஆறு பெரியபாளையம், ஆரணி வழியாகப் போய்க் கடைசியில் அவர்கள் ஏரியில்தான் விழுகிறது. கோவிந்தம்மா உடலின் காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு நாளு வுட்டிருந்தா அதுவே ஊட்டுக்கு வந்திருக்குமே" என்றார்.

அதன் பிறகு ஒரு வாரம் கழித்து நடந்ததை என் கணவரிடம் சொன்னேன். அவர், "போனவரு வரப்போறாரா? இன்னாத்துக்கு இப்ப போயி உன் பேர இழுத்து வுட்டுக்கற? கொழந்தைய வெச்சிக்கினு இருக்கற" என்றார். எனக்கும் பயம். ஒரு மனிதனை ஆற்றில் தள்ளியவள் என்று தெருவில் சொல்வார்கள் என்று பயம். அதைவிட, கோவிந்தம்மா என்னைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்ற பயம். சொல்லவில்லை.

சென்ற இருபத்திரண்டாம் தேதி கோவிந்தம்மா கருவாட்டுக் கூடையுடன் எங்கள் தெருவுக்கு வந்தார். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று அவர்கள் குப்பத்தில் ஊர் கூடி முறை வைத்துக் கொடுப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஆண் இறந்துபோனால் அந்த முறையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுவார்கள். ஒரு உயிரைக் காப்பாற்றப் போய்த் தண்ணீரில் இறந்தவர் பெயரை மட்டும் எடுக்க மாட்டார்கள். அவர் முறை வரும்போது தம்பியோ பங்காளியோ வலை போட்டு, பிடித்ததில் பாதியை அந்த வீட்டில் கொடுப்பார்கள், பெண் பிள்ளைகள் கல்யாணமாகிப் போகும் வரை. தை மாதம் பொங்கல் கழிந்து கூடும் கூட்டத்தில் லோகநாதன் பெயரை எடுப்பது என்று பேச்சு. ஊர்ப் பெரியவர் மணவாளன், "புரட்டாசி மாசத்துல குடிச்சிட்டு ஆத்துல உழுந்தவனுக்குப் பாடு ஒரு கேடா?" என்று எல்லார் முன்னிலும் கேட்டாராம். போலீஸ் காகிதத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்றாராம்.

"எட்டு வருசமா புரட்டாசியில சொட்டு தொட்டதில்லமா அது. எனுக்குத் தெரியும். ஆனா நீங்கல்லாம் பாத்தவங்க எழுதிக் குடுத்திருக்கறீங்க. நா இன்னா சொல்ல முடியும்?" என்றார். என்னைக் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. பாதிக் கருவாட்டைக் காசு வாங்காமல் வைத்துவிட்டு, "கொழந்த தாய்ப்பாலு குடிக்குதில்ல, உனுக்குத்தான் வேணும்" என்று போய்விட்டார்.

அந்தக் கருவாட்டை நான் சமைக்கவில்லை.

இன்று காலை முதல் பஸ்ஸில் குப்பத்துக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒரு கையெழுத்து என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போது அவர் வெளித் தாழ்வாரத்துப் பெஞ்சில் என் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

மேற்படி பாட்டில் இன்று அதிகாரி முன்னிலையில் என் எதிரில் திறக்கப்பட்டது. உள்ளே கால்வாசித் தண்ணீர் இருந்தது. மது வாடை இல்லை. கழுத்தில் சுற்றியிருந்த துணி சாயம் போயிருந்தாலும் பூ தெரிகிறது. அது கிழிக்கப்பட்ட மஞ்சள் கவுனின் மீதியை இத்துடன் தாக்கல் செய்கிறேன். கிழிசல் கிழிசலோடு பொருந்துகிறது. இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை முத்திரையுடன் தை மாதத்துக்கு முன் அந்தக் குப்பத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். லோகநாதன் போதையில் போகவில்லை. பாட்டிலுக்காகப் போகவில்லை. என் குழந்தைக்காக, நான் சொல்லிப் போனார்.

வாசித்துக் காட்டிய பின் சேர்த்து எழுதியது:

மேலே உள்ளதை இறந்தவரின் மனைவி கோவிந்தம்மாவுக்கு அதிகாரி முன்னிலையில் நானே முதலிலிருந்து வாசித்தேன். முடிந்த பிறகு, "என் மடியிலதான இருந்துச்சு" என்றார். பிறகு, "ஒரு கொரலு குடுத்திருந்தா நானே தூக்கிக் காட்டியிருப்பேனே" என்றார். அதிகாரி மை டப்பாவை நகர்த்தி வைத்தார். குழந்தையை வாங்கிக்கொள்ள நான் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. குழந்தையை வலது தோளுக்கு மாற்றிச் சாய்த்துக்கொண்டு, இடது கையின் பெருவிரலை மட்டும் நீட்டினார். நான் அதைப் பிடித்து, மையில் ஒற்றி, கீழே வைத்தேன்.

இதில் எழுதியது எல்லாம் நான் கண்டது, நான் சொன்னது, நான் செய்தது. எவர் தூண்டுதலும் மிரட்டலும் இல்லை. முன்பு நான் கையெழுத்திட்ட பொய்க்கு வரும் தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன்.

(ஒப்பம்) பா. சாராள்

கோவிந்தம்மா, இடது கைப் பெருவிரல் ரேகை